சீட்டில் 31, கேனில் 40: பால் சங்கத்தை விட்டுவிடலாமா?

செவலைக்காரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம். ஒன்பது வருடம் சென்னையில் ஒரு குடோனில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா போன பிறகு, போன தை மாதம் ஊரோடு வந்துவிட்டேன். ஒன்றேகால் ஏக்கர் வயல், கன்னடியன் கால் பாசனம். அப்புறம் தொழுவில் இரண்டு மாடு. மாட்டை அம்மா பார்க்கிறாள். பால் கணக்கு என் பொறுப்பு.

செவலை ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து. காலையில் 6 லிட்டர், சாயங்காலம் 4. இன்னொன்று கருப்பு வெள்ளை, நாங்கள் புள்ளி என்று கூப்பிடுவது. மூன்றாம் ஈத்து, காலை 7, மாலை 5. வீட்டுக்கு 2 லிட்டர் போக 20 லிட்டர் சங்கத்துக்கு ஊற்றுகிறோம். அப்பா காலத்திலிருந்தே அங்கேதான். சங்கம் ஆரம்பித்தபோது பங்குத்தொகை கட்டியவர்களில் அவரும் ஒருவர்.

பிரச்சினை இதுதான். இரண்டு மாதமாக எங்கள் சீட்டில் கொழுப்பு 3.5, எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக மற்ற திடச்சத்து) 7.7 சதவீதம் என்றே வருகிறது. லிட்டருக்கு 31 ரூபாய் சொச்சம். ஊக்கத்தொகை 3 ரூபாயைச் சேர்த்தாலும் 34தான். நாலு வீடு தள்ளி ஒரு ஆச்சி ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு தினமும் 4.4 வாங்குகிறாள். அவள் மாடு அப்படி ஒன்றும் கண்டதைத் தின்று கொழுத்த மாடு இல்லை, ரோட்டோரம் மேய்கிறது.

போன வாரம் கேட்டுவிட்டேன். டெஸ்ட் எடுக்கிற பையன் மெஷினைப் பார்த்தபடியே, "தண்ணி கிண்ணி சேருதோ என்னமோ" என்றான். பின்னால் பத்துப் பேர் தூக்குவாளியோடு நிற்கிறார்கள். அன்றைக்கு என்னோடு அம்மாவும் வந்திருந்தாள். வீட்டுக்கு வந்தவள் மத்தியானம் வரை சாப்பிடவில்லை. "உங்க அய்யா இருந்தா இந்தச் சொல்லு கேட்டிருப்பனா" என்று ஒரே பேச்சு. நான் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்ததில்லை. வாளியைக் கழுவினால் கவிழ்த்துக் காயவைத்து எடுக்கிற ஆள் அம்மா.

மறுநாளே, யார் சொன்னார்களோ, டிவிஎஸ் வண்டியில் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு ஒரு தனியார் பால் ஏஜெண்டு வாசலில் நிற்கிறார். லிட்டருக்கு 40, நேராக. "டிகிரி கிகிரி ஒண்ணும் கிடையாது தம்பி, அளந்து ஊத்துங்க, சனிக்கிழமை சனிக்கிழமை ரூவா." இருபதாயிரம் அட்வான்ஸும் தருகிறாராம். நம் கணக்கில் ஒரு நாளைக்கு 110 ரூபாய்க்கு மேல் வித்தியாசம், பத்து நாள் பட்டுவாடாவுக்கு ஆயிரத்து நூறு. தீவன மூட்டை விற்கிற விலைக்கு அது சின்னக் காசு இல்லை.

சங்கத்தை விட்டால் அப்புறம் சேர்த்துக்கொள்வார்களா? 3.5க்கு உண்மையில் மாடு காரணமா, மெஷினா, அந்தப் பையனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றினாயா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.


ரதவீதி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 40 தருகிறவருக்கு ஊற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே. ஊருக்குச் சங்கம், மாவட்டத்துக்கு யூனியன், மாநிலத்துக்கு ஃபெடரேஷன் என்று மூன்று அடுக்கு வைத்து நடுவில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கெல்லாம் சம்பளம் உங்கள் பாலில் இருந்துதான் போகிறது. நான் டவுனில் பாக்கெட் வாங்குகிற ஆள். மாடு பக்கத்தில் போனதில்லை, கணக்கு மட்டும் தெரியும்.


பச்சையாறு

தம்பி, நான் களக்காடு பக்கம் ஒரு கிராமச் சங்கத்தில் 27 வருடம் செயலாளராக இருந்தவன். 2016இல் ஓய்வு. ஆக, உங்கள் கேள்வியில் எதிர்க்கட்சி நான்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தத் "தண்ணி" பேச்சு. அப்படி வரிசையில் வைத்துச் சொன்னது தப்பு. சந்தேகம் இருந்தால் மறுநாள் தொழுவுக்கே போய், ஆள் முன்னால் கறந்த பாலில் ஒரு மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் அதைத்தான் செய்வோம். பத்துத் தடவை போனால் நாலைந்து தடவை தண்ணீரே இருக்காது, வேறு காரணம் இருக்கும். தண்ணீர் சேர்ந்த பாலில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் ஒரே விகிதத்தில் இறங்கும். ஆனால் சத்துக் குறைந்த மாட்டிலும் இரண்டும் சேர்ந்து இறங்கும் என்பதால் சீட்டை மட்டும் வைத்து யாரையும் திருடன் என்று சொல்ல முடியாது.

இனி மெஷின். என் காலத்தில் முதலில் கெர்பர் குழாய்தான். 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால், மூடி போட்டுக் குலுக்கிச் சுற்றவிட்டால் மேலே மஞ்சளாகக் கொழுப்பு நிற்கும், அளவைப் படித்துக்கொள்ளலாம். என் வேட்டிகள் எல்லாம் சல்லடை மாதிரி ஓட்டை. எங்கள் வீட்டம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். இப்போது வந்திருக்கிற மெஷின் ஒலி அலையை விட்டு அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. நல்ல மெஷின்தான். ஆனால் நுரையும் காற்றுக்குமிழியும் அதற்கு ஆகாது. தினம் கழுவவில்லை என்றால் பொய் சொல்லும். அவ்வப்போது கெர்பரோடு ஒப்பிட்டுச் சரிக்கட்ட வேண்டும். உங்கள் சங்கத்தில் கடைசியாக எப்போது ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். கேட்கிற தொனி முக்கியம். சண்டைக்குப் போகாதீர்கள்.

லாக்டோமீட்டரை (பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கிற கருவி) மட்டும் நம்பும் சங்கமாக இருந்தால் இன்னொரு விஷயம். நாம் டிகிரி என்று சொல்லுகிறோமே, அது 27 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிற பாலுக்குச் செய்த கணக்கு. கறந்த சூட்டோடு ஓடிவந்து ஊற்றினால் பால் 35இல் இருக்கும். ஒரு டிகிரி சூட்டுக்கு 0.2 வீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டாமல் விட்டால் 26 இருக்க வேண்டியது 24.4 என்று நிற்கும். கணக்கு இது: லாக்டோமீட்டர் அளவை நாலால் வகுத்து, கொழுப்பில் கால் பங்கைக் கூட்டி, 0.44ஐச் சேர்த்தால் எஸ்.என்.எஃப். உங்கள் 3.5 கொழுப்புக்கு 26 என்றால் 7.8 வரும், 24.4 என்றால் 7.4தான். சூடு போக, கறந்த உடனே பாலின் அடர்த்தியே கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், சில மணி நேரம் போனால் ஏறும். சங்கத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் குறைந்து, மூன்று கிலோமீட்டர் சைக்கிளில் வருகிறவனுக்குக் கூடுவதை நானே பார்த்திருக்கிறேன். தூரத்துப் பால் ஆறிவிடும், அதுதான்.

மூன்றாவது, இதைத்தான் கவனமாகக் கேட்கவேண்டும். உங்கள் மாட்டைக் கறப்பது யார்? அம்மாவா, கறவைக்காரரா? கடைசிப் பால் யாருக்குப் போகிறது? மடியில் முதலில் வருகிற பால் நீர்த்துப்போய் இருக்கும், 1, 2 கொழுப்புக்கு மேல் இருக்காது. கடைசியில் சொட்டுச் சொட்டாக வருவதில்தான் கொழுப்பு எல்லாம். கறவைக்காரர் அவசரத்தில் பாதியில் எழுந்து, மிச்சத்தைக் கன்றுக்கு விட்டுவிட்டால், வெண்ணெய் கன்றுக்கு, மோர் சங்கத்துக்கு என்று ஆகிவிடும். அந்த ஒற்றை மாட்டு ஆச்சி தானே கறக்கிறாளா என்று பாருங்கள். பந்தயம் கட்டுகிறேன், தானேதான் கறப்பாள்.

உங்கள் புள்ளிக்கு 3.5 வந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை, அந்த ஜாதிக்கே பால் அதிகம் கொழுப்பு குறைவு. செவலைக்கு வரக்கூடாது. இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றாதீர்கள். ஒரு வாரம் தனித்தனியாகச் சீட்டு வாங்குங்கள்.

விலையைப் பற்றி ரதவீதி ஐயா சொன்னதற்கு. 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை 32இலிருந்து 35 ஆனது. 2023 டிசம்பர் 18 முதல் மேலே 3 ரூபாய் ஊக்கத்தொகை. அந்த 35 என்பது 4.3 கொழுப்பு, 8.2 எஸ்.என்.எஃப் உள்ள பாலுக்கு, அதாவது 12.5 மொத்தச் சத்துக்கு. தம்பியின் பாலில் 11.2தான் இருக்கிறது, ஆகவே 31. யாரும் கையை வைக்கவில்லை, கணக்கே அப்படி. எஸ்.என்.எஃப்பில் ஏன் இவ்வளவு கறார் என்றால், ஆவின் நீல பாக்கெட்டுக்குக் கொழுப்பு 3 இருந்தால் போதும், ஆனால் எஸ்.என்.எஃப் 8.5 இருக்க வேண்டும். ஆரஞ்சுக்கு 6, 9. ஊர்ப் பால் 7.7இல் வந்தால் டெய்ரியில் பால் பவுடர் வாங்கிச் சேர்த்துத்தான் 8.5 ஆக்க முடியும். அந்தச் செலவுதான் உங்கள் தலையில் விடிகிறது.

மூன்றடுக்கைத் திட்டுவது சுலபம். எங்களைச் சங்கச் செலவில் ஒரு தடவை குஜராத் ஆனந்துக்குக் கூட்டிப் போனார்கள், ரயிலில் இரண்டு ராத்திரி. எல்லோரும் அமுல் குரியன் பெயரைத்தான் சொல்லுவார்கள், பெரிய மனிதர்தான். ஆனால் அவர் ஆனந்துக்கு வேலைக்கு வந்தது 1949இல். கெய்ரா விவசாயிகள் பம்பாய்க்குப் போகிற பாலை 15 நாள் யாருக்கும் ஊற்றாமல் நிறுத்தி, திரிபுவன்தாஸ் படேலை முன்னால் வைத்துச் சங்கம் கட்டியது 1946இல். எதற்காக நிறுத்தினார்கள்? இடையில் ஒரே ஒரு ஆள் நின்று விலை சொன்னான், அதற்காக.

சரி, வேலைக்கு வருவோம். நாளைக்கே செய்ய வேண்டியது: டெஸ்டுக்கு முன்னால் பாலை நன்றாகக் கலக்கி எடுக்கச் சொல்லுங்கள், மேலாக மொண்டால் ஒரு அளவு, அடியில் மொண்டால் ஒரு அளவு. அதே மாதிரியை இரண்டு தடவை மெஷினில் விடச் சொல்லுங்கள். மாதிரிக்கு எவ்வளவு பால் எடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். டெஸ்டுக்குத் தேவை ஒரு சின்னக் குப்பி. சில இடங்களில் கைநிறைய எடுத்து, அந்தச் சாம்பிள் பாலே தனிக் கேனாக நிற்கும். அது எந்தக் கணக்கில் வரவாகிறது என்று பொதுக்குழுவில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, உறுப்பினர் நீங்கள். வாய்ப்பேச்சில் தீரவில்லை என்றால் பால்வளத் துணைப் பதிவாளருக்கு எழுதலாம். 1983ஆம் வருடக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் 81வது பிரிவு விசாரணை, 82 ஆய்வு. அந்தப் பெயரைச் சொன்னாலே பாதிச் செயலாளர்கள் உட்காரச் சொல்லிக் காப்பி வாங்கித் தருவார்கள். நானும் தந்திருக்கிறேன்.


செவலைக்காரன்

அண்ணாச்சி, படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. கறவைக்காரர்தான் கறக்கிறார். விடிகாலை நாலரைக்கு வருவார், எங்கள் வீடு போக இன்னும் பதினோரு வீடு அவருக்கு. அப்பாவுக்கு முட்டி வலி வந்தபோது ஏற்பாடு செய்தது. கடைசிப் பால் கன்றுக்குத்தான். அம்மாவிடம் கேட்டேன். "கன்னுக்கு விடாம பின்ன யாருக்கு விடுவாக" என்கிறாள். ஒற்றை மாட்டு ஆச்சி தானேதான் கறக்கிறாளாம். பந்தயத்தில் நான் தோற்றேன்.


நாலுமாடு (ஆலங்குளம்)

தம்பி, அந்த 40 ரூபாயைப் பற்றி அக்கா சொல்கிறேன். நானும் நாலு மாடு வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் திருப்பூரில். சில வருடத்துக்கு முன்னால் எனக்கும் இப்படித்தான் ஒருவர் வாசலில் வந்து நின்றார். அவர் டிவிஎஸ்ஸில் வரவில்லை, ஆட்டோவில் வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அட்வான்ஸ் வாங்கினேன், பதினைந்தாயிரம். மூத்தவளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டியிருந்தது. சித்திரை வைகாசியில் எங்கும் புல் கிடையாது, பால் கிடையாது, அப்போது சங்கத்தை விட மூன்று நாலு ரூபாய் கூடத்தான் தந்தார். பொய் சொல்லக்கூடாது. ஐப்பசி மழை பெய்து, கார்த்திகையில் வரப்பெல்லாம் புல்லாக நின்றதும் எல்லார் வீட்டிலும் பால் பெருகியது. அப்போது ஆரம்பித்தது. "இன்னைக்கு கம்பெனி லீவு", "கேன் நிறைஞ்சுட்டு", "சாயங்காலப் பால் வேண்டாம், காலைப் பால் மட்டும் குடுங்க". மாட்டுக்கு லீவு விட முடியுமா? மடி கட்டிக்கொள்ளும், கறந்துதான் ஆகவேண்டும். சாயங்காலப் பாலில்தான் கொழுப்பு கூட இருக்கும் என்று வேறு இங்கே எல்லோருக்கும் தெரியும். விலையையும் இரண்டு தடவை இறக்கினார். வேறு ஆளிடம் போகலாம் என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். அதைத் தீவனத்திலும் பீஸிலும் போட்டாயிற்று.

அதற்குப் பிறகு வந்தது 2020 ஊரடங்கு. டீக்கடை எல்லாம் மூடியாயிற்று. எங்கள் ஆள் ஒரு போன் கூட இல்லாமல் நின்றுவிட்டார். ஒரு நாள் பூராப் பாலையும் தயிராக்கினேன், மறுநாள் நெய், மூன்றாம் நாள் தெருவுக்கெல்லாம் சும்மா கொடுத்தேன். நாலாம் நாள் வெட்கத்தை விட்டுச் சங்கத்து வாசலில் போய் நின்றேன். செயலாளர் ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், இன்னும் மறக்கவில்லை. ஆனால் ஊற்றச் சொன்னார். விடாமல் தொடர்ந்து ஊற்றியவர்களுக்கு அந்தத் தீபாவளிக்குப் போனஸ் வந்தது. எனக்கு ஊற்றிய அளவுக்குத்தான் கொஞ்சம் வந்தது. நியாயம்தானே.

சங்கத்திலும் குறை உண்டு, மறைக்கவில்லை. பட்டுவாடா இழுத்தால் நான் போய்ச் சத்தம் போடுவேன். ஏஜெண்டிடம் சத்தம் போட முடியாது, மறுநாள் வண்டி வராது.

நான் இப்போது செய்வது, நாலு லிட்டரைத் தெருவில் வீடுகளுக்கு நேராக ஊற்றுகிறேன், மீதி சங்கத்துக்கு. வீட்டுக்காரர்கள் லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் கூடத் தருகிறார்கள். மாதக் கடைசியில் வசூலிப்பதுதான் பெரும்பாடு. ஒருத்தி பொங்கல் வரை இழுத்தடித்தாள்.

ரதவீதி ஐயா, நீங்கள் கணக்கு மட்டும் பாருங்கள், மாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.


ரதவீதி

சரி அம்மா. வாபஸ்.


மருந்துப்பெட்டி

கால்நடைத் துறையில் வேலை பார்க்கிறேன், எந்த ஊர் என்பது வேண்டாம். கடைசிப் பால் விஷயம் கொழுப்புக்கு விடை சொல்லிவிடும். 7.7க்கு அது விடை ஆகாது, ஏனென்றால் முதல் பாலிலும் கடைசிப் பாலிலும் எஸ்.என்.எஃப் பெரிதாக மாறாது. அது குறைந்தால் நான் முதலில் மடியைப் பார்ப்பேன். வீக்கம், கட்டி எதுவும் வெளியே தெரியாமலேயே ஒரு காம்பில் மடிநோய் இருக்கலாம். பாலில் சர்க்கரைச் சத்து இறங்கி உப்பு ஏறும். நாலு காம்புப் பாலையும் தனித்தனியாக நாலு கிண்ணத்தில் பீய்ச்சி நாக்கில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் காய்ச்சாத பால் என்பதால் நான் சொல்ல மாட்டேன். அதைவிட, சலவைத்தூளை 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் போட்டுக் கரைத்து, பாலும் கரைசலும் சம அளவு விட்டு மெல்லச் சுற்றுங்கள். எந்தக் கிண்ணம் கோழை மாதிரி கெட்டியாகிறதோ அந்தக் காம்பில் நோய்.

தீனி என்ன போடுகிறீர்கள்? வெறும் வைக்கோலும் தவிடும் கழுநீரும் என்றால் எஸ்.என்.எஃப் ஏறாது. கோ-4 புல்லோ அகத்தியோ வேலிமசாலோ ஏதாவது பச்சை வேண்டும். உளுந்தம்பொட்டு உங்கள் பக்கம் கிடைக்கும், சேருங்கள். தாது உப்புக் கலவை தினமும் 50 கிராம். அதற்காகப் பச்சைப் புல்லையும் மூட்டைத் தீவனத்தையும் மட்டும் கொட்டி வைக்கோலை நிறுத்திவிடாதீர்கள், நார் குறைந்தால் கொழுப்பு விழுந்துவிடும். ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி உங்களுக்குத் தூரமில்லை, சந்தேகம் தீரவில்லை என்றால் பால் மாதிரியோடு போய் வாருங்கள்.

ஊசி போட நேர்ந்தால், மருந்து அட்டையில் போட்டிருக்கும் நாள் முடியும் வரை அந்தப் பாலை யாருக்கும் ஊற்றக்கூடாது. மறந்துவிடாதீர்கள்.


செவலைக்காரன் (மூன்று வாரம் கழித்து)

மன்னிக்கவும், நடுகை நேரம், கார் நடவு. எழுத நேரம் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வாரம் தனித்தனிச் சீட்டு. செவலை 3.6, புள்ளி 3.4. அண்ணாச்சி சொன்ன மாதிரியே செவலைதான் ஏமாற்றியிருக்கிறது, அல்லது நாங்கள் அதை ஏமாற்றியிருக்கிறோம். கறவைக்காரரிடம் பக்குவமாகப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, நீங்க தர்ற காசுக்குப் பன்னெண்டு நிமிசம். அதுக்கு மேல நின்னா பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுல பால் லேட்டு" என்றார். நியாயமாகத்தான் பட்டது. செவலையை மட்டும் நானே கறக்கக் கற்றுக்கொள்கிறேன் என்றேன். சிரித்தார்.

கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. முதல் நாள் முக்கால் லிட்டர் வாளியில், மிச்சம் கைலியில். மூன்றாம் நாள் உதைத்தது. அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டை விரலை மடக்காதே, முழுக் கையையும் கொடு என்று சொல்லித் தந்தாள். எனக்குத் தெரியாது, கல்யாணம் ஆன புதிதில் அவள் மூன்று எருமை கறந்தவளாம். கையெலும்பு வலி வந்து விட்டுவிட்டாள். அப்பா இருந்தவரை இதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

கன்றுக்கு இப்போது முதலில் விடுகிறோம், பால் இறங்கின பிறகு கொஞ்சம் குடிக்க. கடைசியில் ஒரு காம்பு மட்டும் அதற்கு. அம்மாவுக்கு இதில் இன்னும் மனமில்லை. "கன்னு வாயைக் கட்டித்தான் சீட்டுல நம்பர் ஏத்தணுமாக்கும்." அவள் நாலைந்து நாள் எனக்குத் தெரியாமல் கூட ஒரு காம்பு விட்டிருக்கிறாள், அந்த நாலைந்து நாள் சீட்டில் தெரிகிறது.

செவலையின் கொழுப்பு இப்போது 4.2, 4.3. ஆனால் புள்ளியின் எஸ்.என்.எஃப் அப்படியே நின்றது. மருந்துப்பெட்டி சார் சொன்ன சலவைத்தூள் வேலையைச் செய்தேன். நாலு கிண்ணத்தில் மூன்று தண்ணீராக ஓடியது. இடது பின்காம்புக் கிண்ணம் சவ்வரிசிக் கஞ்சி மாதிரி நின்றது. கையில் தொட்டால் மடி சாதாரணமாகத்தான் இருந்தது. டாக்டர் வந்து பார்த்துக் காம்பில் மருந்து ஏற்றினார், மூன்று நாள். ஊசி முடிந்தும் நாலு நாள் ஊற்றக்கூடாது என்றார்.

இங்கேதான் அந்த ஏஜெண்டு மறுபடி வருகிறார். ஏழு நாளும் புள்ளியின் பாலைச் சங்கத்துக்குக் கொண்டுபோகவில்லை அல்லவா, ஊரில் தெரிந்துவிட்டது. இரண்டாம் நாளே வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். ஊசி போட்ட பால், ஊற்ற முடியாது என்றேன். "அட, அதுக்கென்ன தம்பி. இருநூறு லிட்டர் பால்ல நம்ம பன்னெண்டு லிட்டர் என்ன தெரியப் போகுது. 40ன்னு சொன்னேன்லா, 38 வச்சுக்கிடுங்க" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நான் பேசாமல் நின்றேன். ஒரு நாளைக்கு 450 ரூபாய். டாக்டருக்கும் மருந்துக்கும் ஆன செலவு வேறு கண் முன்னால் நிற்கிறது. அம்மா உள்ளேயிருந்து வாளியோடு வந்தாள், எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவே இல்லை, நேரே கொல்லைக்குப் போய்த் தென்னந்தூரில் ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்தாள். ஏழு நாளும் அந்த மரத்துக்குத்தான். ஏஜெண்டு டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனவர் அதற்குப் பிறகு வரவில்லை.

சங்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அங்கே எல்லாம் சரி என்று இல்லை. இரண்டு தடவை டெஸ்ட் எடுக்கச் சொன்னதில் ஒரு நாள் 0.3 வித்தியாசம் வந்தது. பையன் மெஷினைக் கழுவிவிட்டு மூன்றாவது தடவை எடுத்தான். அந்த முறை எனக்குச் சாதகமாக வந்தது. இப்போது நான் போனாலே முதலில் கழுவிவிடுகிறான். தண்ணீர் என்று சொன்னதற்கு மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, ஆனால் போன வாரம் அம்மா வந்தபோது "ஆச்சி, உக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டானாம். அம்மா உட்காரவில்லை. சாம்பிள் பால் குவளையை அளந்து பார்த்தேன், 150 மில்லி. காலையில் மட்டும் எண்பது பேர் ஊற்றுகிறார்கள், பெருக்கிப் பாருங்கள். பொதுக்குழு எப்போது என்று கேட்டிருக்கிறேன், தேதி வைக்கவில்லை என்கிறார்கள்.


பச்சையாறு

12 லிட்டர், ஒரு வேளைக்கு. பெருக்கிவிட்டேன். தேதியை எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள். நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இடது பின்காம்பு இப்போது எப்படி?


செவலைக்காரன்

நேற்றுச் சலவைத்தூளில் பார்த்தேன் அண்ணாச்சி, நாலும் தண்ணீராக ஓடியது. இன்று காலையில் புள்ளியின் பாலையும் சங்கத்தில் ஊற்றினோம். 3.7, 8.1. சீட்டை அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்குக் கூடக் காட்டவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.


நாலுமாடு (ஆலங்குளம்)

தம்பி, அந்தத் தென்னைமரம் இந்த வருசம் என்ன காய்க்கிறது என்று மறக்காமல் சொல்லுங்கள்.